மெழுகில் ஒருவர், மண்ணில் ஒருவர்: சுவாமிமலையில் ஐந்து நாள்

முதல் நாள்: மெழுகு

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலைக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான். டவுன் பஸ் அடிக்கடி உண்டு. தஞ்சாவூர் ரயில் பாதையில் ஊர்ப் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது, ஆனால் விரைவு வண்டியில் வருபவர்கள் கும்பகோணத்தில் இறங்குவதே சுலபம். கிளம்புமுன் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசை அன்று பஞ்சலோகச் சிலை வார்க்கும் பட்டறைகள் பலவற்றில் வேலை கிடையாது. ஐப்பசி அடைமழையில் வந்தால் மெழுகு பார்க்கலாம், உளி பார்க்கலாம், வார்ப்பு கிடைப்பது அபூர்வம். காரணம் நாளைக்கு.

ஐந்து நாள் லீவு போட்டால் ஒரு சிலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்துவிடலாம் என்று நினைத்து வருபவர்கள் உண்டு. நடக்காது. மெழுகில் சிலையைச் செய்து, அதன்மேல் மண் பூசி அச்சாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவதுதான் இங்கே முறை. இரண்டடிச் சிலைக்கே வாரங்கள் போய் மாதமாகும். ஒரு பட்டறையில் மெழுகு, அடுத்த தெருவில் மண், இன்னொரு கொல்லையில் வார்ப்பு என்று பிய்த்துப் பிய்த்துத்தான் பார்க்க வேண்டும். அதில் ஒரு கஷ்டமும் இல்லை. முருகன் கோயிலின் 60 படிகளைச் சுற்றியும் மெயின் ரோட்டிலுமாக எல்லாம் நடக்கும் தூரம். எந்தப் பட்டறையில் என்றைக்கு வார்ப்பு என்பது டீக்கடையில் கேட்டாலே தெரிந்துவிடும்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவது ஸ்தபதி என்ற ஒரு பெயர். உள்ளே போனால் மெழுகு பிடிப்பவர் வேறு, மண் கட்டுபவர் வேறு, உலோகம் உருக்குபவர் வேறு, அரத்தால் ராவுபவர் வேறு, உளி பிடிப்பவர் வேறு. சிறிய பட்டறையில் ஒரே ஆள் இரண்டு மூன்று வேலை பார்ப்பார், ஆனால் எல்லாவற்றையும் ஒருவரே செய்வது குறைவு. இந்தத் தொழிலின் முக்கியமான விஷயம் இதுதான்: ஒருவர் செய்த பிழை அவர் கையில் இருக்கும்போது தெரியாது. அடுத்தவர் கைக்குப் போன பிறகுதான் தெரியும். அந்த அடுத்தவரோ பெரும்பாலும் பங்காளியாகவோ, மாமன் மச்சானாகவோ, எதிர்வீட்டுக்காரராகவோ இருப்பார்.

வேலை ஓலையில் தொடங்குகிறது. சிலை எவ்வளவு உயரமோ அந்த நீளத்துக்குத் தென்னை ஓலையிலிருந்து ஒரு மெல்லிய நறுக்கை வெட்டி, அதை மடித்து மடித்து அளவு எடுக்கிறார்கள். இதற்கு ஒடியோலை என்று பெயர். சென்டிமீட்டர் தேவையே இல்லை. அளவெல்லாம் அந்தச் சிலைக்குள்ளேயே பிறப்பது. தாலம் என்பது சிற்பிகளின் அளவு. ஒன்பது தாலம் என்றால் மொத்த உயரம் 108 அங்குலம், தாலத்துக்கு 12. உச்சிக்கு 3, முகத்துக்கு 12, கழுத்துக்கு 3, மார்பு வரை 12, தொப்புள் வரை 12, அடிவயிறு வரை 12, தொடைக்கு 24, முழங்காலுக்கு 3, கணைக்காலுக்கு 24, பாதத்துக்கு 3. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். இந்த அங்குலம் கடையில் விற்கும் ஸ்கேலின் அங்குலம் அல்ல, உயரத்தில் ஒரு பங்கு. சிவன், விஷ்ணுவுக்கு உத்தம தசதாலம் (பத்துத் தாலத்தில் உயர்ந்த அளவு), அதாவது 124 பங்கு. அம்மனுக்கு 120. பிள்ளையாருக்கு ஐந்து தாலம் போதும். இரண்டடி உயரச் சிவனை 124-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூக்கில் அரைப் பங்கு தவறினால் எவ்வளவு என்பதை இதை வைத்து யோசித்துக்கொள்ளலாம்.

மெழுகுக் கலவைக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு: தேன்மெழுகு 4 பங்கு, குங்கிலியம் என்ற மரப்பிசின் 4 பங்கு, கடலை எண்ணெய் 1 பங்கு. இப்போது விலை காரணமாகப் பாரஃபின் மெழுகும் சேர்கிறது. குங்கிலியம் விறைப்பு கொடுக்கிறது, எண்ணெய் இளக்கம் கொடுக்கிறது. இந்தக் கணக்கைச் சித்திரை வெயிலிலும் மார்கழிப் பனியிலும் அப்படியே வைத்தால் கெட்டுப்போகும். வெயில் நாளில் எண்ணெய் கூடினால் நீட்டிய கை மாலைக்குள் தொங்கிவிடும். குளிரில் குங்கிலியம் கூடினால் விரல் சொடுக்கென்று முறியும்.

உடம்பு, கை, கால், பீடம் எல்லாம் தனித்தனியாகப் பிடித்து, சூடாக்கிய இரும்புக் கரண்டியால் இழைத்து ஒட்டுகிறார்கள். பக்கத்தில் எப்போதும் ஒரு தண்ணீர்த் தொட்டி. இளகினால் உடனே தண்ணீரில் இறக்கிவிடலாம். பூணூல், சங்கிலி, அரைஞாண் எல்லாம் பலகையில் உருட்டிய மெழுகு நூல். ஒட்டும்போது மேல்பூச்சாக மட்டும் இழைத்து உள்ளே இடைவெளி விட்டுவிட்டால் மெழுகுக்காரர் கண்ணுக்கு அது பளபளப்பாகத்தான் தெரியும். மண் ஏறும்போது அந்த இடம் விலகும். அப்போது திட்டு வாங்குவது மண்காரர், பிழை மெழுகுக்காரருடையது.

கடைசியாக மெழுகுத் தண்டுகளை ஒட்டுகிறார்கள். உலோகம் இறங்கும் வழி, காற்று வெளியேறும் வழி இரண்டுமே இவைதான். பிறகு எடை போட்டு எழுதி வைக்க வேண்டும். இதை மறந்தால் மூன்றாம் நாள் எவ்வளவு உலோகம் உருக்குவது என்று தெரியாது. எடுத்துக்காட்டுக்கு, ஒரு மெழுகுச் சிலை தண்டுகளோடு 2.4 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் நாள்: மண்

சோழ நாட்டில் ஆற்றுக்கும் கலைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி யாராவது கவித்துவமாகப் பேசினால், காவிரி வண்டலை விரலிடுக்கில் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகப்பவுடர் போல இருக்கும், நெருநெருப்பே இருக்காது. இந்த ஊரில் இந்தத் தொழில் தங்கியதற்குப் பல காரணம் சொல்வார்கள். தஞ்சைப் பெரிய கோயில் காலத்தில் வந்தோம் என்பார்கள், பக்கத்துத் தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் ஐராவதேசுவரர் கோயில் கட்டியபோது வந்தோம் என்பார்கள். நாங்கள் முதலில் மண்ணைத்தான் சொல்வோம்.

முதல் பூச்சு: வண்டல் மண்ணோடு கருக்கிய உமியைச் சேர்த்து நைய அரைத்து, சாணிப்பால் விட்டுக் குழைத்தது. தடிமன் 3 மில்லிமீட்டர் அளவு. மெழுகில் இருக்கும் நகக்கீறல்கூட இதில் பதியும், அப்படியே உலோகத்திலும் வரும். உமிக்கரி எதற்கு என்றால், மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளை விடுவதற்கு. உலோகம் இறங்கும்போது ஆவி அந்தத் துளைகள் வழியே தப்பிக்கும். உமிக்கரி குறைந்தால் ஆவி சிலைக்குள் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாம் பூச்சு வயல் களிமண்ணும் மணலும். மூன்றாவது இன்னும் சொரசொரப்பு, மணல் அதிகம். பெரிய சிலை என்றால் இடையில் இரும்புக் கம்பி சுற்றிக் கட்டுவார்கள். நெருப்பில் சூடேறி, உள்ளே கனமான உலோகம் நிறையும்போது மண் வெடிக்காமல் பிடித்துக்கொள்வது அந்தக் கம்பிதான்.

பூசும்போது கவனிக்க வேண்டிய இடங்கள் விரலிடுக்கு, அக்குள், காதுக்குப் பின்புறம், ஜடைக்கு அடியில். கையை அழுத்தாமல் விட்டால் காற்றுக்குமிழ் நிற்கும். அந்தக் குமிழுக்குள் உலோகம் போய் நிறையும், உடைத்துப் பார்த்தால் சுவாமியின் கழுத்தில் மரு. உளிக்காரர் அதைச் செதுக்கி எடுக்கலாம், நேரம் போகும். விரல்களுக்கு நடுவில் வந்தால் எடுக்கவும் முடியாது.

காய வைப்பதுதான் பொறுமையைச் சோதிப்பது. வெயிலில் வைக்கக் கூடாது, உள்ளே மெழுகு இளகும். நிழலில், காற்றோட்டத்தில், ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் அச்சு ஆபத்தானது. 1,000 டிகிரிக்கு மேல் சூடான உலோகக் குழம்பு ஈரத்தைத் தொட்டால் அது நீராவியாகி அச்சை உடைத்துக்கொண்டு வெளியே பீய்ச்சும். மழைக்காலத்தில் வார்ப்பு தள்ளிப் போவது இதனால்தான். ஆர்டர் கொடுத்தவர் கும்பாபிஷேகத் தேதி குறித்துவிட்டேன் என்று அவசரப்படுத்துவார். அந்த நேரத்தில் மண்காரர் சொல்லுக்குத்தான் மதிப்பு. அவர் இன்னும் காயவில்லை என்றால் ஸ்தபதியும் பேசாமல் இருப்பார். பட்டறையில் கூலி குறைவாக வாங்குபவர்களில் ஒருவராக இருந்தாலும், அந்த ஒரு வாரத்துக்கு அவர்தான் மேஸ்திரி.

பையன்கள் தொழிலுக்கு வந்தால் முதலில் உட்காருவதும் இந்த மண்ணுக்கு முன்னால்தான். மண் குழைத்து, பிறகு அரம் பிடித்து, பிறகு உளி, கடைசியில் மெழுகு. முகம் தொடுவதற்கு வருஷங்கள் ஆகும். மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி 1957 முதல் இருக்கிறது, அங்கே பட்டம் வாங்கி வருபவர்களும் உண்டு. அவர்களும் இங்கே வந்தால் கொஞ்ச நாள் மண் குழைப்பது நல்லது என்பது எங்கள் கட்சி.

மூன்றாம் நாள்: வார்ப்பு

வார்ப்பு பார்க்கப் போகிறவர்களுக்கு மூன்று விதி. நைலான் துணி வேண்டாம், பருத்தி போதும். தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வைத்துவிடுங்கள், குழிக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வரக் கூடாது. படம் எடுக்கலாமா என்று முன்பே கேளுங்கள், ஊற்றும் நேரத்தில் கேட்காதீர்கள், அப்போது யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

முதலில் அச்சை வறட்டி நெருப்பில் வைத்து, வாய்ப்புறம் கீழாகச் சாய்த்து மெழுகை இறக்குகிறார்கள். சொட்டும் மெழுகைப் பாத்திரத்தில் பிடிப்பது அடுத்த சிலைக்கு. மெழுகு வடிந்துவிட்டது என்பதோடு நிறுத்தினால் பிழை. மண்ணுக்குள் ஊறிய மிச்சமும் எரிந்து போகும் வரை, உட்புறம் சிவக்கும் வரை சுட வேண்டும். மிச்ச மெழுகு உலோகத்தின் சூட்டில் புகையாகி, சிலைக்குள் தேனடை மாதிரி ஓட்டைகள் போடும்.

சூடு இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். ஆறிய அச்சில் ஊற்றினால் உலோகம் மெல்லிய இடங்களுக்குப் போய்ச் சேருவதற்குள் இறுகிவிடும். முழு உடம்பும் வந்து விரல்நுனி வராத நடராஜர் அப்படிப் பிறந்தவர்தான்.

உலோகக் கணக்கு இப்போது வருகிறது. உலோகம் மெழுகைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு கனம். அச்சின் வாயில் நிற்பது, உருக்கும் பாத்திரமான மூசையில் ஒட்டுவது, கசடாகப் போவது எல்லாம் சேர்த்துப் பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டால் கையைக் கடிக்காது. முதல் நாள் எடை போட்ட 2.4 கிலோவுக்கு 24 கிலோ. குறைத்துக் கணக்குப் போட்டு, ஊற்றும்போது பாதியில் தீர்ந்துவிட்டால் மறுபடி உருக்கி ஊற்ற முடியாது. முன்பு ஊற்றியது தோல் கட்டியிருக்கும், இரண்டும் ஒட்டாது, இடுப்பில் ஒரு கோடு நிற்கும். ஆக, மொத்தமும் வீண்.

பஞ்சலோகம் என்றால் செம்பு, பித்தளை, ஈயம், வெள்ளி, தங்கம். பட்டறைக்குப் பட்டறை விகிதம் மாறும், ஆனால் நூற்றுக்கு 80-க்கு மேல் செம்புதான். வெள்ளியும் தங்கமும் பேருக்கு. ஆர்டர் கொடுத்த குடும்பத்தினர் கொண்டுவந்த மோதிரமோ தோடோ மூசையில் விழும், கண்ணில் ஒற்றிக்கொண்டு போடுவார்கள். முதலில் செம்பை உருக்க வேண்டும், அது 1,085 டிகிரியில் உருகும். பித்தளையும் ஈயமும் கடைசியில். பித்தளையில் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துப் போகும், ஆரம்பத்திலேயே போட்டால் வெள்ளைப் புகையாக ஓடிவிடும். அந்தப் புகை நெஞ்சுக்கு நல்லதல்ல. காற்று அதைக் கொண்டுபோகும் பக்கம் நிற்காதீர்கள்.

அச்சைக் குழியில் வாய் மேலே தெரியும்படி நிறுத்தி, சுற்றிலும் மண் போட்டு மிதித்து இறுக்கிவிட்டார்கள் என்றால் பேச்சு நின்றுவிடும். இதற்கு ஆள் வேண்டும். மூசையைக் கொறட்டில் பிடிக்க இருவர், கசடைத் தள்ள ஒருவர், அடுப்படியில் ஒருவர். பெரிய சிலை என்றால் எதிர்ப் பட்டறைக்காரர்களே வந்து நிற்பார்கள். தொழிலில் போட்டிக்காரர்கள், ஒரே கோயில் ஆர்டருக்கு விலை குறைத்துக் கேட்டவர்கள், வார்ப்பன்று கூப்பிடாமலே வருவார்கள். நாளை தன் குழிக்கு இவர் வர வேண்டுமே. 2023-இல் ஜி-20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுத்திய 27 அடி நடராஜர் இந்த ஊரில் செய்ததுதான், சுமார் 18 டன், மெழுகு முறையிலேயே. அந்த அளவு வேலையை ஒரு வீட்டு ஆட்களை மட்டும் வைத்து யோசிக்கவே முடியாது.

ஊற்றுவது மெல்லிய கயிறு போல, அறுபடாமல். வேகமாகக் கொட்டினால் காற்று உள்ளே சிக்கும், மெதுவாக விட்டால் வழியிலேயே இறுகும். காற்றுப்போக்கு வழியே உலோகம் மேலே எட்டிப் பார்த்தால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மொத்த வேலையும் சில நிமிஷம்.

பிறகு ஒன்றும் செய்யக் கூடாது. சிறிய சிலைக்கு ஒரு நாள், பெரியதற்குப் பல நாள், தானாக ஆற வேண்டும். ஆவலில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழும். ஆகவே நாளைக்கு நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை.

நான்காம் நாள்: நரசிங்கம்பேட்டை

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை பஸ், ஆடுதுறை தாண்டி. சிலையிலிருந்து நாதஸ்வரத்துக்கு ஏன் தாவல் என்று கேட்கலாம். பிழை கைமாறித் தெரிவது என்று முதல் நாள் சொன்னோமே, அது இங்கே காதால் கேட்கும்.

நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம். அதுவும் புது மரம் ஆகாது. பழைய வீடு இடித்தால் கிடைக்கும் உத்திரம், தூண், சட்டம், பல பத்து ஆண்டுகள் காய்ந்தது. ஈரமரத்தில் செய்தால் வாசிப்பவரின் மூச்சு ஈரம் பட்டுப் பட்டு ஒரு முகூர்த்த சீசனுக்குள் வெடிக்கும். செட்டிநாட்டிலோ தஞ்சாவூரிலோ பழைய வீடு இடிக்கிறார்கள் என்றால் இந்த ஊருக்குச் செய்தி வந்துவிடும்.

கட்டையைக் கடைந்து உருட்டி, நீளத் துரப்பணத்தால் குடைகிறார்கள். துளை மேலே குறுகலாகத் தொடங்கிக் கீழே அகன்றுகொண்டே போக வேண்டும். விரல் வைக்கும் துளை 7. கீழே விரல் படாத துளைகள் 5, அவற்றில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதியைச் சரி பார்க்கலாம். அடியில் பொருத்தும் அகன்ற வாய்க்கு அணசு என்று பெயர், உடல் உலவு. முன்பு திமிரி நாதஸ்வரம் அதிகம், குட்டை, உச்ச சுருதி. நீளமான, கனத்த ஒலியுடைய பாரி நாதஸ்வரத்தில் சுத்த மத்யமம் என்ற ஸ்வரம் சரியாக நிற்கும்படி 1955-இல் இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்ததும், அதை நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை ஏற்றுக்கொண்டதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. செய்தவர் காதையும் வாசித்தவர் காதையும் சேர்த்துத்தான் அந்தக் கருவி பிறந்தது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பக்கத்துத் திருவாவடுதுறையில், நாதஸ்வரத்தின் மேல்முனையில் செருகி ஊதும் சீவாளியைக் கட்டுகிறார்கள். காவிரிப் படுகையில் விளையும் கொறுக்கைத் தட்டையை நாள்பட வைத்து, பதப்படுத்தி, நசுக்கி, கெண்டை என்ற சிறு உலோகக் குழலில் நூலால் கட்டுவது. உலவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சீவாளி சரியில்லை என்றால் ஸ்வரம் நடுங்கும். வித்வான் ஆசாரியைக் குறை சொல்வார், ஆசாரி சீவாளிக்காரரைக் காட்டுவார், சீவாளிக்காரர் வித்வானின் உதட்டைக் காட்டுவார். மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, இன்னொரு சீவாளி மாற்றி ஊதிப் பார்த்தால்தான் வழக்கு தீரும். வாங்கப் போகிறவர்கள் தனக்குப் பழகிய சீவாளியைக் கையோடு கொண்டு போங்கள்.

ஐந்தாம் நாள்: உளி, கண், பில்

அச்சை உடைக்கும்போது சிலை கறுத்து, வாய்த்தண்டுகள் கொம்பு கொம்பாக நிற்க, அசிங்கமாகத்தான் இருக்கும். ஹாக்ஸா பிளேடால் தண்டுகளை அறுத்து, அரத்தால் ராவி, பிறகு உளிக்கு அமர்கிறார்கள். கனமாக வார்த்தது என்பதால் ஆழமாகச் செதுக்கலாம். உள்ளே பொள்ளலாக வார்த்த சிலையில் அந்தச் சுதந்திரம் கிடையாது.

ஊசித்துளை அளவு ஓட்டை பீடத்தில் இருந்தால் அதே உலோகத்தை முளையாக அடித்து நிரப்பலாம். முகத்தில் இருந்தால் பூஜைக்கு ஆகாது, மறுபடி மூசைக்கே. ஐந்து பேர் உழைப்பும் வீண். யார் பிழை என்று உடைந்த இடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்: வழவழப்பான உருண்டைக் குழி என்றால் ஆவி, மண்ணோ சூடோ காரணம். கோடாக மடிந்திருந்தால் ஊற்றியவர் கை நின்றிருக்கிறது. கரடுமுரடாக மண் ஒட்டியிருந்தால் உள்பூச்சு பெயர்ந்திருக்கிறது. சத்தம் போட மாட்டார்கள். அடுத்த தடவை அந்த வேலைக்கு வேறு ஆளுக்குச் சொல்லி அனுப்புவார்கள், அவ்வளவுதான். சின்ன ஊரில் அதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது?

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். நகை வேலையை மெழுகிலேயே முடிக்காமல், உளியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவது இப்போது அதிகம். உளியில் வந்த நகை கூர்மையாக இருக்கும், ஆனால் உடம்பின் மேல் கிடப்பது போல இராது, கீறியது போல இருக்கும். பஃபிங் மெஷின் இன்னொரு வில்லன். புளி, பூந்திக்காய், செங்கல் தூள் கொண்டு தேய்த்தால் மணிக்கணக்காகும், ஆனால் இமை இமையாக இருக்கும். மெஷினில் பத்து நிமிஷம் கூடுதலாகக் காட்டினால் மூக்குநுனி மழுங்கும்.

கடைசி வேலை கண் திறப்பது. தலைமை ஸ்தபதிதான் செய்வார், நல்ல நேரம் பார்த்து. வெளியாரை உள்ளே விடாத வீடுகள் உண்டு, கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

வாங்க விரும்புகிறவர்களுக்கு: முகத்தை முதலில் பார்க்காதீர்கள், அதில் மயங்கிவிடுவோம். திருப்பி முதுகைப் பாருங்கள், முதுகிலும் ஜடையும் பூணூலும் முடிந்திருந்தால் முன்பக்கமும் நேர்மையாக இருக்கும். விரலிடுக்கில் மண் மிச்சம் இருக்கிறதா, பீடத்தின் அடி பொள்ளலா என்று பாருங்கள். கனவார்ப்பா என்று கேட்டு, எடை போடச் சொல்லுங்கள். நடராஜருக்குத் திருவாசியை, அதாவது சுற்றியுள்ள தீச்சுடர் வளையத்தை, தனியாக வார்த்துப் பொருத்தியிருப்பார்கள், ஆட்டிப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் முதலில் அரசின் பூம்புகார் கைவினைப் பொருள் நிறுவனத்தில் விலை கேட்டுக்கொண்டு தெருவுக்கு வாருங்கள்.

வெளிநாட்டுக்குக் கொண்டு போவதானால் பில்லில் செய்தவர் பெயர், உயரம், எடை, செய்த ஆண்டு இருக்க வேண்டும். 1972 தொன்மைப் பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலை தொன்மைப் பொருள், ஏற்றுமதி செய்ய முடியாது. புதிதுதான் என்பதற்கு இந்தியத் தொல்லியல் துறையின் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். சில கடைகளில் அமிலம் பூசிப் பச்சை படியவைத்துப் பழசு போலாக்கிக் கொடுப்பார்கள். வீட்டு அலமாரியில் அழகாக இருக்கும், விமான நிலையத்தில் அதே பச்சை வம்பில் மாட்டிவிடும். பளிச்சென்று இருப்பதையே வாங்குங்கள்.

பார்சல் கட்டும்போது விரல்களுக்கு இடையிலும் தூக்கிய காலுக்கு அடியிலும் துணி சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். மரப்பெட்டி, சுற்றிலும் வைக்கோல் திணித்து, பீடம் அடியில் வரும்படி. மேல்பக்கம் எது என்று பெட்டியின் நான்கு பக்கமும் எழுதச் சொல்ல மறக்காதீர்கள்.